இன்பொக்ஸில் ஒரு வரி

பத்திரிகை அலுவலகத்தில் உப ஆசிரியராகச் சேரும் இளைஞருக்கு அந்நாளில் முதலில் தரப்படும் வேலை கடிதம் பிரிப்பது. காலைத் தபாலில் பை நிறையக் கடிதங்கள் வரும். பிராந்திய நிருபரின் பழுப்பு உறை, வாசகர் கடிதம், கவிதை, சங்கக் கூட்ட அறிவித்தல், மரண அறிவித்தல், நீதிமன்றச் செய்தி என்று எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். சில மாதங்கள் பழகியதும் உறையின் மேலுள்ள கையெழுத்து, தபால் முத்திரை, கனம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளே இருப்பது இன்னதென்று ஊகிக்க முடிந்துவிடும். பிரித்தபின் முதல் இரண்டு வரிகளை வாசித்து, அச்சுக்குப் போவதை ஒரு புறமும் ஆசிரியர் பார்க்க வேண்டியதை மறுபுறமும் வைப்போம். பயன்படாது என்று தோன்றியதை மேசைமேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பியில் குத்திவிடுவோம். அது உடனே குப்பைக்கூடைக்குப் போவதில்லை. தவறு நேர்ந்துவிட்டது என்று மறுநாள் தெரியவந்து, கம்பியிலிருந்து உருவி எடுத்து, துளை விழுந்த தாளையே அச்சுக்குக் கொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

இன்று அந்தக் கம்பி இல்லை. திரையில் வரிசையாக நிற்கும் வரிகளே உள்ளன. அனுப்பியவர் பெயர், விடயம், திகதி, அவற்றுடன் கடிதத்தின் தொடக்கச் சொற்கள் சில. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் அந்த ஒற்றை வரியைப் பார்த்தே எந்தக் கடிதத்தைத் திறப்பது, எதனைக் கழிப்பது என்று முடிவு செய்கிறார்கள். அந்த வரி எவ்வாறு உருவானது, அதனை அமைத்தவர்கள் யாவர், இப்பொழுது அதனை எழுதுவது யார் என்பனவே இக்கட்டுரையின் பொருள். இதனை எழுதத் தூண்டியது எனது பழைய தவறொன்று. அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

சுருளாக வந்த கடிதங்கள்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய 1965ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒருவர் மற்றவருக்குச் செய்தி விட்டுச்செல்லும் வசதி இருந்தது. ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் ஊடாகக் கடிதம் அனுப்பும் முறையை 1971இல் ரே டொம்லின்சன் செய்துகாட்டினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்த 'அட்' குறியே இன்றும் நமது முகவரிகளின் நடுவில் நிற்கிறது.

அனுப்புவது எளிதாயிற்று. வாசிப்பதோ பெரும்பாடாக இருந்தது. வந்த கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. வாசிக்கும் கட்டளையைக் கொடுத்தால் முதலாவதிலிருந்து கடைசிவரை அத்தனையும் ஓடும். பல இடங்களில் திரைகூடக் கிடையாது. தொலை அச்சுப்பொறியில் தாள் சுருள் சுருளாக வெளிவரும். பத்தாவது கடிதம் வேண்டுமென்றால் முன்னைய ஒன்பதும் ஓடி முடியக் காத்திருக்க வேண்டும். டெலிபிரின்டர் இரவு முழுவதும் தள்ளிய தாளைக் காலையில் கிழித்துக் கிழித்துப் பிரித்த எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்கு இந்தத் தொல்லை நன்றாக விளங்கும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான ஆர்ப்பாவின் பணிப்பாளராக அக்காலத்தில் இருந்தவர் ஸ்டீபன் லூக்காசிக். மின்னஞ்சலை ஆர்வத்தோடு பயன்படுத்திய அவரே, குவியும் கடிதங்களைக் கையாள முடியவில்லை என்று லரி றொபேட்ஸிடம் முறையிட்டார். றொபேட்ஸ், ஆர்ப்பாநெற் வலையமைப்பை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். 1972இல் அவர் 'ஆர்டி' என்ற சிறு நிரலை எழுதினார். வந்துள்ள கடிதங்களை அது பட்டியலாகக் காட்டியது. வேண்டியதை மட்டும் தெரிந்து வாசிக்கலாம், கோப்பில் சேமிக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், பதில் எழுதலாம். இன்பொக்ஸ் என்று நாம் இன்று அழைப்பதன் முதல் வடிவம் இதுவே எனலாம். 1975இல் ஜோன் விட்டல் எழுதிய 'எம்எஸ்ஜி' என்ற நிரல் இதனை மேலும் செம்மைப்படுத்தியது. பதில் எழுதுவதற்கு ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும், அனுப்பியவரின் முகவரி தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும் என்ற ஏற்பாட்டை அந்நிரலே பரவலாக்கியது.

லூக்காசிக்கின் வேண்டுகோளின்படி 1973இல் நடத்தப்பட்ட ஆய்வொன்று, ஆர்ப்பாநெற் போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சலே என்று கண்டறிந்தது. கணினிகளைத் தொலைவிலிருந்து பயன்படுத்துவதற்காக அமைக்கப்பட்ட வலையமைப்பை மனிதர் கடிதம் எழுதுவதற்கே பெரிதும் பயன்படுத்தினர்.

பட்டியல் போடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்பியவர் யார், விடயம் என்ன, திகதி எது என்பன எல்லாக் கடிதங்களிலும் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்கான முதல் உடன்பாட்டை 1973இல் நால்வர் எழுதினர். அவர்களுள் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.ரி.யில் பயின்ற அபய் பூஷண். 1977இலும் 1982இலும் அது விரிவாக்கப்பட்டது. கடிதத்தின் தலைப்பகுதி வேறு, உடல் வேறு என்ற பிரிவினை இவ்வாறே நிலைபெற்றது. உடலைத் தொடாமலே தலையை மட்டும் பார்த்துக் கடிதத்தைத் தீர்ப்பிடும் வழக்கமும் இதனோடு பிறந்தது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் பலரின் மனதில் எழக்கூடிய கேள்வியொன்றுக்கு விடை சொல்ல வேண்டும். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தமிழரான சிவா அய்யாதுரை என்ற செய்தி நம்மவரிடையே பரவியுள்ளது. பதின்ம வயதில், 1978இல், நியூ ஜேர்சியில் மருத்துவக் கல்லூரியொன்றுக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்து நிரலொன்றை அவர் எழுதத் தொடங்கியதும், 'ஈமெயில்' என்ற பெயரில் அதற்கு 1982இல் பதிப்புரிமை பெற்றதும் உண்மை. மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவை அதற்கு முன்னரே நடைபெற்றுவிட்டன என்பதால், அவரே கண்டுபிடிப்பாளர் என்ற உரிமைக்கோரிக்கையைக் கணினி வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பதினாறு வயதுக்குள் அத்தகைய நிரலை எழுதியதே பெருமைதான். அதற்குமேல் நாம் எதனையும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உலாவியில் திறந்த பெட்டி

எண்பதுகளில் மின்னஞ்சல் மேசைக் கணினிக்கு வந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் எழுதிய 'யூடோரா' பெரும் புகழ் பெற்றது. தபால் அலுவலகத்தில் குடியிருக்கும் பெண்ணொருத்தியைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்ரி என்ற எழுத்தாளரின் பெயரையே அவர் தமது நிரலுக்குச் சூட்டினார். இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் கடிதங்களைச் சேவைக் கணினியிலிருந்து இறக்கி நமது கணினிக்குள் வைத்தன. வேறு ஊருக்குப் போனால் கடிதம் கையில் இராது. கடிதங்களைச் சேவைக் கணினியிலேயே வைத்துவிட்டு, பட்டியலுக்கு வேண்டிய தலைப்பகுதியை மட்டும் வரவழைத்துப் பார்க்கும் 'ஐமாப்' முறையை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986இல் வகுத்தார். எனினும் அதற்குத் தகுந்த நிரல் கையில் வேண்டும்.

அந்தத் தடையை நீக்கியது 'ஹொட்மெயில்'. பெங்களூரில் வளர்ந்து அமெரிக்காவில் படித்த சபீர் பாட்டியாவும் அவரது நண்பர் ஜக் ஸ்மித்தும் தமது சொந்தத் தொழில் பற்றிய யோசனைகளை ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள விரும்பினர். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் முதலாளி பார்த்துவிடக்கூடும் என்று அஞ்சினர். எந்தக் கணினியின் உலாவியிலும் திறக்கக்கூடிய கடிதப்பெட்டி என்ற எண்ணம் அந்த அச்சத்திலிருந்தே பிறந்தது. அமெரிக்க சுதந்திர தினமான 1996 ஜூலை 4ஆம் திகதி ஹொட்மெயில் தொடங்கப்பட்டது. 1997 டிசம்பரில் மைக்ரோசொப்ட் அதனை வாங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் 'ரொக்கெட்மெயில்' சேவையை வாங்கிய யாஹூ தனது பெயரில் மின்னஞ்சலை ஆரம்பித்தது.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இது என்னவாக இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நாடு மாறினாலும் வீடு மாறினாலும் மாறாத முகவரி ஒன்று முதன்முறையாகக் கிடைத்தது. கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் தொலைபேசி நிலையங்களில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்துக் கணினி முன் அமர்ந்தவர்கள் முதலில் திறந்தது அந்தப் பெட்டியையே.

பெட்டி சிறியது. ஹொட்மெயில் அக்காலத்தில் தந்த இடம் இரண்டு மெகாபைட். புகைப்படங்கள் நாலைந்து வந்தால் நிரம்பிவிடும். நிரம்பினால் புதிய கடிதம் ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படும். ஆகவே ஒழுங்குபடுத்துதல் என்பது முதன்மையாக அழித்தலாகவே இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறு கட்டம் இருக்கும். வேண்டாதவற்றில் சரியடையாளம் இட்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தினால், பக்கம் முழுவதும் மறைந்து மீண்டும் மெல்ல எழுதப்பட்டு வரும். தொலைபேசி இணைப்பில் ஒரு கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புவதற்கு அரை நிமிடம் செல்லும். மணிக்கணக்குக்குப் பணம் ஓடும்போது எவரும் எல்லாக் கடிதங்களையும் திறந்து பார்ப்பதில்லை. வரியைப் பார்த்தே தீர்ப்பு.

எம், ரீ, ஆர், யூ, கே, அரைப்புள்ளி

இனி எனது தவறு.

எங்கள் பத்திரிகையின் பிராந்திய நிருபராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பரொருவர் நாட்டைவிட்டு வெளியேறி ஐரோப்பிய நாடொன்றில் தஞ்சம் கோரியிருந்தார். 2001ஆம் ஆண்டு. அவர் பத்திரிகையாளர் என்பதையும், எழுதிய செய்திகளின் பொருட்டு அச்சுறுத்தப்பட்டவர் என்பதையும் உறுதிப்படுத்தும் கடிதமொன்றை விசாரணையில் காட்ட வேண்டியிருந்தது. அதனைக் கேட்டு எனக்கு எழுதினார். அந்த மாதமே புதிதாகத் திறந்த முகவரி அது. எழுத்துகளும் எண்களும் கலந்திருந்ததால் அனுப்பியவர் யாரென்று பெயரிலிருந்து தெரியவில்லை. விடய வரியில் ஆறே குறிகள் நின்றன. ஆங்கில எழுத்துகளான எம், ரீ, ஆர், யூ, கே, அவற்றின் பின் ஓர் அரைப்புள்ளி.

அக்காலத்தில் பொருளற்ற எழுத்துக் கூட்டங்களைத் தலைப்பாகக் கொண்ட விளம்பரக் கடிதங்கள் நாள்தோறும் வந்தன. அன்றைக்கு எனது பெட்டி நிரம்பும் நிலையில் இருந்தது. முப்பது கடிதங்களோடு அதற்கும் சரியடையாளம் இட்டு அழித்துவிட்டேன்.

பன்னிரண்டு நாட்களின் பின்னர் தொலைபேசி வந்தது. "அண்ணை, அவசரம் எண்டு போட்டு எழுதினனான், கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். அப்பொழுதுதான் அந்த ஆறு குறிகளும் நினைவுக்கு வந்தன. பாமினி எழுத்துருவில் எம் என்ற விசை 'அ'. ரீ என்பது 'வ', ஆர் என்பது 'ச', யூ என்பது 'ர'. கே என்பதோடு அரைப்புள்ளி சேர்ந்தால் 'ம்'. அவசரம். நாள்தோறும் அதே விசைகளில் தட்டச்சுச் செய்த எனது விரல்களுக்கு அந்தச் சொல் தெரியும். கண்களுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே கடிதத்தைத் தொலைநகலில் அனுப்பினேன். விசாரணை முடிந்துவிட்டிருந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அவருக்கு அனுமதி கிடைக்க இரண்டரை ஆண்டுகள் சென்றன. அதுவரை மனைவியும் இரு பிள்ளைகளும் இங்கே காத்திருந்தார்கள். அவர் ஒருநாளும் அதனைச் சொல்லிக் காட்டியதில்லை.

நடந்தது என்ன என்பதை விளக்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலமே. கடிதத்தின் உடலைச் சொற்செயலிக்கு எடுத்துச் சென்று எழுத்துருவை மாற்றினால் தமிழ் தெரியும். இன்பொக்ஸின் பட்டியலோ உலாவியின் சொந்த எழுத்துருவில் தோன்றுவது. அங்கே நம்மால் எதுவும் செய்ய முடியாது.

ஆங்கிலமல்லாத மொழிகளில் விடய வரி எழுதுவதற்கான ஒழுங்குவிதி 1992இலேயே வகுக்கப்பட்டு, 1996இல் திருத்தப்பட்டிருந்தது. இன்ன குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்று வரியிலேயே குறிப்பிட வேண்டும் என்பது அந்த விதி. ஆங்கிலம் என்ற வேடத்தில் வந்த தமிழுக்கு அந்தக் குறிப்பு இல்லை. யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடு எழுத்துருவுடன் வெளிவந்தது. இருந்தும் அலுவலகங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் பழைய கணினிகளும் பழைய எழுத்துருக்களுமே நீண்ட காலம் புழங்கின. அதனால் தமிழில் கடிதம் எழுதியவர்கள்கூட விடயத்தை ஆங்கில எழுத்துகளில் எழுதும் வழக்கம் வந்தது. இன்று தமிழ் விடய வரி தமிழாகவே தோன்றுகிறது. இதனை இளைய வாசகர்கள் இயல்பென்று எண்ணுவர். அதன் பின்னால் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பலரின் உழைப்பு இருக்கிறது.

திறக்காமலே பார்ப்பது

பட்டியலுக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு பலகம் அமைத்து, வரியைச் சொடுக்கியதும் கடிதத்தை அங்கேயே காட்டும் முன்னோட்ட முறை முதலில் மேசைக் கணினி நிரல்களிலேயே பரவியது. அது வசதியாக இருந்தது. ஆபத்தும் உடன் வந்தது. 1999 நவம்பரில் வெளிப்பட்ட 'பபிள்போய்' என்ற நச்சுநிரல், அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முன்னோட்டப் பலகத்தில் கடிதம் தோன்றிய அளவிலேயே இயங்கத் தொடங்கியது. இணைப்பைத் திறக்காதவரை அச்சமில்லை என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. 2000 மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய மற்றொரு நச்சுநிரலுக்கு விடய வரியே ஆயுதம். 'ஐ லவ் யூ' என்ற வரியோடு, தெரிந்தவர் பெயரிலேயே அது வந்தது. ஆவலோடு இணைப்பைத் திறந்தவர்களின் கணினிகள் மில்லியன் கணக்கில் பாதிக்கப்பட்டன. பிரித்தானிய நாடாளுமன்றம்கூடத் தனது மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று.

உலாவியில் இத்தகைய பலகம் அமைவதற்குத் தடையாக இருந்தது, ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கம் முழுவதும் மீண்டும் வரவேண்டியிருந்ததே. அதற்குத் தீர்வும் மின்னஞ்சலின் தேவையிலிருந்தே பிறந்தது. மைக்ரோசொப்டில் அவுட்லுக்கின் வலை வடிவத்தை உருவாக்கிய குழுவினர், பக்கத்தைக் கலைக்காமல் வேண்டிய துண்டை மட்டும் பின்னணியில் வரவழைக்கும் உத்தியை ஆக்கினர். 1999 மார்ச்சில் வெளிவந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் அது சேர்க்கப்பட்டது. பின்னாளில் வலைத்தளங்கள் பலவற்றை அசையச் செய்த 'ஏஜக்ஸ்' முறைக்கு வித்து அதுவே. 2002இல் 'ஒட்போஸ்ட்' என்ற சிறு நிறுவனம் கோப்புறைகள், பட்டியல், முன்னோட்டம் என்ற மூன்று பலகங்களையும் உலாவிக்குள்ளேயே கொண்டுவந்தது. 2004 ஜூலையில் யாஹூ அதனை வாங்கித் தனது புதிய மின்னஞ்சலுக்கு அடித்தளமாக்கியது.

அழிக்க வேண்டாம், தேடுங்கள்

2004 ஏப்ரல் முதலாந் திகதி கூகுள் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. ஒரு கிகாபைட் இடம், அதுவும் இலவசமாக. ஹொட்மெயில் தந்ததைப் போல் ஐந்நூறு மடங்கு. முட்டாள்கள் தினத்தில் வந்ததால் பலர் பகிடி என்றே நினைத்தனர். கடிதங்களைக் கோப்புறைகளில் அடுக்குவதிலும் பின்னர் அவற்றைத் தேடுவதிலுமே நேரமெல்லாம் போகிறது என்று பெண்ணொருவர் முறையிட்டதே இந்தச் சேவைக்குத் தூண்டுதல் என்று அவ்வறிவித்தல் கூறியது. 1972இல் லூக்காசிக் செய்த அதே முறைப்பாடு!

போல் புக்ஹைட் தொடக்கிவைத்த ஜிமெயில் மூன்று வழக்கங்களை மாற்றியது. முதலாவதாக, ஒரே விடயம் பற்றி மாறி மாறி எழுதப்பட்ட கடிதங்களை ஓர் உரையாடலாகத் தொகுத்து ஒரே வரியில் காட்டியது. இரண்டாவதாக, கோப்புறைக்குப் பதில் 'லேபல்' வந்தது. லாச்சியில் வைக்கும் கடிதம் ஒரு லாச்சியில் மட்டுமே இருக்கும். லேபலோ ஒரே கடிதத்தில் எத்தனையும் ஒட்டலாம். மூன்றாவதாக, விடயத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கடிதத்தின் முதற்சொற்களும் தோன்றின. பத்திரிகைச் செய்தியில் தலைப்பும் முதற்பந்தியும் சேர்ந்து நிற்பதைப் போல.

எதையும் அழிக்க வேண்டாம், கண்ணில் படாமல் அப்புறப்படுத்தி வையுங்கள், வேண்டும்போது தேடிக்கொள்ளலாம் என்பது அதன் கொள்கை. ஆரம்பத்தில் அழிப்பதற்கெனத் தனிப் பொத்தான்கூட முன்னால் இருக்கவில்லை. பயனர் பலர் கேட்டபின் 2006இல் சேர்த்தார்கள். ஹொட்மெயிலும் யாஹூவும் சில மாதங்களுக்குள் தமது பெட்டிகளைப் பெரிதாக்கின. எங்கள் பழைய இரும்புக் கம்பி திரும்பி வந்துவிட்டதாக அப்போது எனக்குப் பட்டது. 2001இல் அத்தகைய பெட்டி இருந்திருந்தால் நண்பரின் கடிதம் அழிந்திராது. எனினும் வந்ததே தெரியாத கடிதத்தை எந்தச் சொல்லைக் கொண்டு தேடியிருப்பேன்?

கோப்புறைகளால் பயன் உண்டா என்ற கேள்வியை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2011இல் ஆராய்ந்தனர். 345 பேர் பழைய கடிதங்களைத் தேடிய 85,000க்கு மேற்பட்ட தடவைகளை அவர்கள் பதிவு செய்தனர். மெனக்கெட்டுக் கோப்புறைகளில் அடுக்கியவர்கள் மற்றவர்களைவிட வேகமாகவோ வெற்றிகரமாகவோ கடிதத்தைக் கண்டெடுக்கவில்லை என்பது முடிவு. கோவைகளை அடுக்கிப் பழகிய எங்களுக்கு இது கசப்பான செய்தி. ஆயினும் எதனைத் தேடுகிறோம் என்று தெரிந்தவர்களைப் பற்றிய ஆய்வு அது என்பதை மறக்கக்கூடாது.

இயந்திர உப ஆசிரியர்

மனிதனால் சமாளிக்க முடியாத அளவுக்குக் கடிதங்கள் வரும், வடிகட்டும் பொறி தேவைப்படும் என்பதை அமெரிக்கக் கணினியியலாளர் பீற்றர் டெனிங் 1982ஆம் ஆண்டிலேயே எழுதினார். எண்பதுகளில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோமஸ் மலோன் குழுவினர், இன்னாரிடமிருந்து வந்தால் இன்ன இடத்தில் வை என்ற விதிகளைப் பயனரே எழுதக்கூடிய முறையைச் செய்து பார்த்தனர். 2002இல் போல் கிரஹம், குப்பைக் கடிதங்களில் எந்தச் சொற்கள் எவ்வளவு வருகின்றன என்று கணக்கிட்டு இயந்திரமே அவற்றை இனங்காணும் வழியை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதன்பின் குப்பை வேறாகவும் கடிதம் வேறாகவும் பிரிக்கும் வேலை பெரும்பாலும் இயந்திரத்திடம் போயிற்று.

அடுத்த படி, நல்ல கடிதங்களுக்குள்ளேயே தரம் பிரித்தல். 2010 ஓகஸ்டில் ஜிமெயில் முக்கியமானவற்றை மேலே வைக்கும் 'பிரையோரிட்டி இன்பொக்ஸ்' முறையைக் கொண்டுவந்தது. 2013 மே மாதம் முதன்மை, சமூகம், விளம்பரம், அறிவிப்பு, மன்றம் எனப் பெட்டியைப் பிரித்தது. மைக்ரோசொப்டும் பின்னர் இத்தகைய பிரிவை ஏற்படுத்தியது. முன்பெல்லாம் பிரிப்பதற்கான விதியை நாம் எழுதினோம். இப்போது விதி என்னவென்று நமக்கே தெரியாது. நமது பழக்கங்களைப் பார்த்து இயந்திரம் தானே வகுத்துக்கொள்கிறது.

மறுபுறத்தில் வணிகர்கள் அந்த ஒற்றை வரியை எழுதும் கலையைக் கற்றுக்கொண்டார்கள். கடிதத்தைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாமல், பட்டியலில் மட்டும் தெரியும்படி மறைத்து எழுதும் முன்வாசகம் இன்று விளம்பரத் தொழிலில் ஒரு தனிக்கலை. நட்போடு பெயர் சொல்லி அழைக்கும் அந்த முதல் வரிக்குக் கீழே நட்பும் இராது, கடிதமும் இராது.

2024 ஒக்டோபர் இறுதியில் அப்பிள் நிறுவனம் தனது புதிய கைத்தொலைபேசிகளில், மின்னஞ்சல் பட்டியலில் முதல் வரிகளுக்குப் பதிலாக இயந்திரம் எழுதிய சுருக்கத்தைக் காட்டும் வசதியை அறிமுகப்படுத்தியது. அதே வகையான சுருக்கம் செய்தி அறிவித்தல்களிலும் வந்தது. கொலைக் குற்றச்சாட்டில் கைதான ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்ற பொய்யான தலைப்பு, பிபிசியின் பெயரில், 2024 டிசம்பரில் வெளிவந்தது. பிபிசி அவ்வாறு எழுதவே இல்லை. அந்நிறுவனம் முறையிட்டது. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை அப்பிள் நிறுத்திவைத்தது. செய்திக்குத் தவறான தலைப்புப் போட்டால் மறுநாள் பிழைதிருத்தம் வெளியிட ஒரு பத்திரிகை இருக்கிறது. தனிக்கடிதமொன்றுக்கு இயந்திரம் தவறான சுருக்கம் எழுதினால், எழுதியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது.

அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. றொபேட்ஸின் பட்டியலில் அனுப்பியவர் எழுதிய வரியே நின்றது, தீர்ப்பு வாசிப்பவருடையதாக இருந்தது. இன்று வரியை எழுதுவதிலும் தீர்ப்பிடுவதிலும் மூன்றாவது கை ஒன்று இருக்கிறது. அதனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது இல்லாவிட்டால் குப்பைக்குள் நாம் மூழ்கிவிடுவோம். நானும் முப்பது கடிதங்களோடு ஒன்றை அழித்தவன்தான். ஆனால் எந்த உப ஆசிரியர் பிரித்த தபாலையும் ஆசிரியர் இடைக்கிடை தாமே எடுத்துப் பார்ப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கமாக இருந்தது. நல்ல உப ஆசிரியர்கள் அதனை அவமதிப்பாகக் கருதியதில்லை.

அந்த வழக்கத்தை நான் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைத் தேநீரோடு குப்பைப் பகுதியையும் விளம்பரப் பகுதியையும் கடைசி வரிவரை பார்த்துவிடுவேன். பெரும்பாலும் ஒன்றும் இராது. சென்ற மாதம் விளம்பரங்களுக்கு நடுவே முதிய வாசகர் ஒருவரின் கடிதம் கிடந்தது. எனது பழைய கட்டுரையொன்றில் ஆண்டு தவறு என்று சுட்டிக்காட்டியிருந்தார். சரிபார்த்தேன். அவர் சொன்னதே சரி. திருத்திவிட்டு அவருக்குப் பதில் எழுதினேன். அவர் எழுதி இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.